காற்று போகும் வழி

ஹேண்டிலை இரண்டு கைகளாலும் பிடித்து ஒரு சுற்று சுற்றினாள் சின்னு. சுற்றியது. கையை மாற்றிப் பிடித்து இன்னொரு சுற்று. அதுவும் கிணற்றிலிருந்து காலி வாளியை இழுப்பதுபோல எந்த எதிர்ப்பும் இல்லாமல் வந்தது.

முதல் சந்தேகம் அவளுக்குத் தன் மீதுதான். ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் உட்கார்ந்து வந்தவள், எதையும் சாப்பிடாதவள். ஏதாவது கவனிக்காமல் விட்டிருப்பாள். குனிந்து பார்த்தாள். படகு இஞ்சினின் தலையில் சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு சின்ன லீவர்கள். தூக்கி வைத்தால் உள்ளே காற்று அடைபடாது, பள்ளிக்கூடப் பிள்ளைகூட இஞ்சினைச் சுற்றிவிடலாம். இறக்கி வைத்தால் காற்று அடைபட்டு முறைக்கும். அந்த முறைப்புக்குத்தான் கம்ப்ரஷன் என்று பெயர். லீவர்கள் இரண்டும் தூக்கியே இருந்தன. இவ்வளவுதானா என்று அவற்றை இறக்கிவிட்டு மறுபடி சுற்றினாள்.

மறுபடியும் காலி வாளிதான்.

நேற்று மத்தியானம் இதே இடத்தில்தான் அவளுடைய அண்ணன் செத்துப்போயிருந்தான். இஞ்சினைக் கிளப்பப் போனான், ஹேண்டில் திருப்பி அடித்தது, நெஞ்சில் பட்டது, விழுந்தவன் எழுந்திருக்கவில்லை. போனில் மீசை அப்படித்தான் சொன்னார். வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் இன்று காலையிலிருந்து அதையேதான், ஒரு வார்த்தை கூடாமல் குறையாமல் சொல்லிக்கொண்டிருந்தார்.

மீசை, அண்ணனோடு பாதிக்குப் பாதி போட்டு இந்தப் படகை வாங்கிய கூட்டாளி. மீசையை எடுத்துப் பல வருஷமாகியும் பெயர் மட்டும் போகவில்லை. மீன் குறைந்து, ஆள் கிடைக்காமல் போனபோது இருவரும் படகைக் கரையேற்றி, பெரிய கட்டைகளின் மேல் உட்காரவைத்துவிட்டு ஆளுக்கொரு வேலையைத் தேடிக்கொண்டார்கள். அன்றிலிருந்து இஞ்சினை யாரும் தொடவில்லை என்றுதான் சின்னு நினைத்திருந்தாள். அண்ணன் மட்டும் வாரத்துக்கு ஒருமுறை வந்து மழைத்தண்ணீரை இறைத்துவிட்டுப் போவான் என்று சின்னுவுக்குத் தெரியும்.

அவள் பயணிகள் படகுகளைப் பழுது பார்க்கும் ஒரு பட்டறையில் ஃபிட்டர். ஹேண்டில் திருப்பி அடித்துக் கூட வேலை பார்த்தவர் ஒருவரின் மணிக்கட்டு உடைந்ததை நேரில் பார்த்திருக்கிறாள். அது எப்படி நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். பிஸ்டன் மேலே வருவதற்குள் டீசல் பற்றிக்கொண்டால் இஞ்சின் பின்பக்கமாக உதைக்கும். டீசல் பற்ற வேண்டுமானால் காற்று நசுங்கிக் கொதிக்க வேண்டும். காற்றே தங்காத சிலிண்டரில் எதுவும் பற்றாது. இந்த இஞ்சின் யாரையும் அடித்திருக்க முடியாது.

அப்படியானால் அண்ணனின் நெஞ்சில் கருநீலமாகக் கன்றிப்போயிருக்கும் அந்தத் தடம்?

காலையில் உடம்பைத் துடைத்துச் சட்டை மாட்டும்போது அதைப் பார்த்தாள். நடுநெஞ்சில், உள்ளங்கை அகலத்துக்கு. அண்ணி சட்டென்று பட்டனைப் போட்டு மூடிவிட்டாள். அண்ணி இன்னும் அழவில்லை. சால்வைக்குள் இரண்டு கைகளையும் ஒளித்துக்கொண்டு, வருகிறவர்களுக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா சின்னுவைச் சமையலறைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், அந்த மீசை கொஞ்ச நாளாகத் தினமும் மத்தியானம் இந்த வீட்டுக்கு வந்துபோகிறானாம், எதிர்வீட்டுக்காரி சொல்கிறாள், நான் ஒன்றும் சொல்லவில்லை, நீயே கண்ணைத் திறந்து பார்த்துக்கொள் என்று காதில் ஓதிவிட்டுப் போனாள். பெரியம்மா ஒன்றும் சொல்லவில்லை என்று சொன்னால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று அர்த்தம்.

அதற்குப் பிறகுதான் கண்ணாடி விஷயம் வந்தது. கண்ணாடி இல்லாமல் அண்ணனின் முகம் யாரோ மாதிரி இருந்தது. படகில் விழுந்திருக்கும் என்று அண்ணி மெதுவாகச் சொன்னாள். மீசை உடனே எழுந்தார், நான் போய் எடுத்து வருகிறேன் என்று. சின்னு தானே போவதாகச் சொன்னதும் அவர் அண்ணியைப் பார்த்தார். அண்ணி அவரைப் பார்த்தாள். அந்த ஒரு பார்வை போதுமானதாக இருந்தது. சின்னு செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பிவிட்டாள்.

கண்ணாடி ஏணிக்குப் பக்கத்திலேயே, உடையாமல் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு அவள் திரும்பியிருக்கலாம். ஆனால் ஹேண்டில் இஞ்சினிலேயே மாட்டியிருந்தது. ஃபிட்டரின் கை சும்மா இருக்கவில்லை.

இப்போது அவள் முறையாகப் பார்க்க ஆரம்பித்தாள். இஞ்சின் அறையின் மூலையில் அண்ணனின் சாமான் பெட்டி திறந்தே கிடந்தது. பின்சிலிண்டரின் லீவரைத் தூக்கி வைத்துவிட்டு, முன்சிலிண்டரை மட்டும் அடைத்து மெல்லச் சுற்றினாள். பிஸ்டன் மேலே வரும்போது லேசாக ஒரு முறைப்பு எழுந்து, உடனே தளர்ந்தது. புஸ்ஸென்று ஒரு சத்தம். காற்று போகிறது. எந்த வழியாகப் போகிறது என்பதுதான் கேள்வி. காற்றிழுக்கும் வாயில் காதை வைத்தாள், சத்தமில்லை. புகைக்குழாயில் வைத்தாள், இல்லை. எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து கன்னத்தை வைத்தபோது வெதுவெதுப்பில்லாத ஒரு மூச்சு முகத்தில் பட்டது. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்குகள் நாள்பட்டு அதன் வரிப்பள்ளத்திலேயே ஒட்டிக்கொண்டுவிட்டன. காற்று அவற்றைத் தாண்டிக் கீழே இறங்குகிறது.

சரிதானா என்று பார்க்க, சிலிண்டர் தலையிலிருந்த சின்ன மூடியைத் திறந்து கொஞ்சம் எண்ணெய் விட்டுச் சுற்றினாள். எண்ணெய் இடைவெளியை அடைத்ததும் ஹேண்டில் கையில் கனத்தது. நேற்று யாராவது இப்படி எண்ணெய் விட்டிருந்தால்? அப்போது உதைத்திருக்குமோ? அடுத்த சிலிண்டரின் மூடியைப் பார்த்தாள். அதன்மேல் சிலந்தி வலை கட்டி, வலையில் தூசி படிந்திருந்தது. அவள் திறந்த மூடியிலும் அப்படித்தான் இருந்தது என்பது விரலில் ஒட்டியிருந்த நூலைப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. யாரும் விடவில்லை.

பின்சிலிண்டர் அதைவிட மோசம். முறைப்பே இல்லை. காற்று புகைக்குழாய் வழியாகத் தாராளமாகப் போய்க்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டும் ஒரு மாற்றமும் இல்லை. மேல்மூடியைக் கழற்றினாள். புகை போகும் வால்வு பாதி திறந்த நிலையில் துருப்பிடித்து நின்றிருந்தது. ஒரே நாளில் பிடித்த துரு இல்லை அது.

மூடியை வைக்க இடம் தேடித் திரும்பியபோதுதான் இஞ்சினுக்குப் பின்னால் இருந்த மெத்தைத் திண்டைப் பார்த்தாள். நீலத் துணியில் வெள்ளைப் பூ தைத்த உறை. அண்ணி தன் கையால் தைத்தது. வீட்டு முன்னறை நாற்காலியில் எப்போதும் இருக்கும். காலையில் அந்த நாற்காலி வெறுமையாக இருந்ததை அவள் பார்த்திருந்தும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க், கழுவாத மூன்று டம்ளர்கள். திண்டின் ஓரத்தில் ஒரு நீளமான முடி.

நேற்று வீட்டில்தான் இருந்தேன் என்று அண்ணி பெரியம்மாவிடம் சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது.

ஏணி கிறீச்சிட்டது. மீசை மேலேறி வந்து, இஞ்சின் அறையின் வாசலில் தலையைக் குனிந்து நின்றார். திறந்து கிடந்த இஞ்சினைப் பார்த்தார். சின்னுவின் எண்ணெய்க் கைகளைப் பார்த்தார். கண்ணாடி கிடைத்ததா என்று கேட்டார். கிடைத்தது என்றாள். எல்லாரும் தேடுகிறார்கள், வா போகலாம் என்றார். அவள் நகரவில்லை.

"மீசைண்ணே, நேத்து இஞ்சின் எப்படி இருந்துச்சு?"

"எப்படின்னா?"

"சுத்தும்போது. கனமா இருந்துச்சா?"

நல்ல கனம், அண்ணன் தம் கட்டித்தான் சுற்றினான், பட்டென்று திருப்பிவிட்டது என்றார். அவர் சொல்லும்போது அவள், தான் எண்ணெய் விட்டுக் கனக்கவைத்திருந்த முன்சிலிண்டரின் லீவரைத் தூக்கி வைத்தாள். பின்சிலிண்டரில் எப்படியும் ஒன்றுமில்லை. எழுந்து வழி விட்டாள்.

"சுத்துங்க. அடிக்குதான்னு பாப்போம்."

"இப்ப எதுக்கும்மா அது..."

"சுத்துங்கண்ணே."

அவர் வந்து ஹேண்டிலைப் பிடித்தார். பெரிய உடம்பு, தோள்கள் இன்னும் கடலில் வேலை பார்த்தவனின் தோள்கள். சுற்றினார். சுற்றிக்கொண்டே இருந்தார். நிறுத்தும்படி அவள் சொல்லவில்லை, அவரும் நிறுத்தவில்லை. பிறகு தானாகவே கை தளர்ந்து, இஞ்சினின் மேடையில் அப்படியே உட்கார்ந்தார். லீவரை நீ தூக்கி வைத்தாய் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவளுடைய வழக்கு அங்கேயே ஆட்டம் கண்டிருக்கும். அது அவருக்குத் தோன்றவில்லை. பொய் சொல்லப் பழகாத ஆள் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அது அவளுடைய சந்தேகத்தைக் குறைக்கவில்லை, கூட்டியது. பழகாத ஒருவன் யாருக்காகவாவதுதானே பொய் சொல்வான்.

திண்டை எடுத்து அவர் மடியில் போட்டாள்.

"இது எப்படி இங்க வந்துச்சு?"

மீசை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். வெளியே யாரோ ஒரு படகின் அடியில் பழைய பெயின்ட்டைச் சுரண்டிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"உங்கண்ணனுக்கு இதயம் சரியில்ல, சின்னு. ரொம்ப நாளா."



அதற்குப் பிறகு அவர் சொன்னது கோர்வையாக இல்லை. ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார், செய்தாலும் பிழைப்பது பாதிக்குப் பாதி என்று அவரே சொன்னார். அண்ணன் வேண்டாம் என்றுவிட்டான். அண்ணிக்கும் மீசைக்கும் மட்டும்தான் தெரியும். தங்கச்சிக்குத் தெரிந்தால் காலைப் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஆபரேஷன் மேஜையில் படுக்கப் போட்டுவிடுவாள், அவளிடம் மூச்சு விடக் கூடாது என்று இருவரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டான். பிறகு அவனுக்கு ஒரே ஆசை, இந்த இஞ்சின் ஓடுவதை ஒருமுறை கேட்க வேண்டும் என்று. தினமும் மத்தியானம் மீசை வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொள்ள, மூவரும் இங்கே வருவார்கள். அவன் திண்டில் சாய்ந்துகொண்டு இதைக் கழற்று, அதைத் துடை என்பான். மீசை செய்வார். டீசல் டேங்க், குழாய்கள் வரைதான் ஆகியிருந்தது, இஞ்சினின் தலையில் இன்னும் கை வைக்கவில்லை. அண்ணி டீ ஊற்றிக் கொடுப்பாள். நேற்று மீசை புது டீசல் வாங்கப் போயிருந்தார். அந்த இடைவெளியில் அவனே எழுந்து ஹேண்டிலைப் பிடித்திருக்கிறான். அண்ணி வேண்டாம் என்றாள். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என்றான்.

"சரி, ஒரு தடவைன்னு சொல்லிட்டா. அவ்வளவுதான். மூணாவது சுத்துலயோ நாலாவது சுத்துலயோ உக்காந்துட்டான்."

"அந்த அடி?"

"நான் ஏணி ஏறி வர்றப்ப அவ அவன் மேல உக்காந்து நெஞ்ச அமுக்கிக்கிட்டிருந்தா. எப்பவோ எங்கயோ பாத்தாளாம் அந்த மாதிரி. எலும்பு ஒடையற சத்தம் எனக்கே கேட்டுச்சு. நிறுத்த மாட்டேன்னுட்டா. நான்தான் தூக்கி எடுத்தேன்."

அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் வைத்துத்தான் தனக்கு அந்த யோசனை வந்தது என்றார். இஞ்சின் அடித்தது என்றால் யாரும் இஞ்சினைக் கேள்வி கேட்கப்போவதில்லை. பெண்டாட்டி சுற்ற விட்டாள், பெண்டாட்டி நெஞ்சை அமுக்கினாள் என்றால் இந்த ஊர் சும்மா விடுமா? உங்கள் பெரியம்மா ஒருத்தி போதாதா?

சின்னு அவரை நம்பினாளா என்றால், இல்லை. நல்ல கதையாக இருந்தது. முதலில் சொன்னதும் நல்ல கதைதான். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பொய்யைக் கட்ட முடியுமானால் இரண்டாவது பொய்யைக் கட்ட எவ்வளவு நேரமாகும். அதோடு, அண்ணன் தன்னிடம் இதை மறைத்தான் என்பதைத்தான் அவளால் எந்தப் பக்கமிருந்தும் விழுங்க முடியவில்லை. போன மாதம்கூடப் போனில் பேசினான். பட்டறையில் புதிதாக வந்த இஞ்சினைப் பற்றி அரை மணி நேரம் விசாரித்தான்.

மேல்மூடியை மறுபடி பொருத்தி, நட்டுகளை முறுக்கினாள். திண்டை எடுத்து அங்கே கிடந்த ஒரு துணிப்பையில் திணித்துக்கொண்டாள். வழி முழுக்க மீசை நாலடி முன்னால் நடந்தார்.

வீட்டில் கூட்டம் அதிகமாகியிருந்தது. சின்னு கண்ணாடியைத் தன் சட்டை நுனியில் துடைத்து அண்ணியிடம் நீட்டினாள். வேண்டுமென்றேதான் நீட்டினாள், தானே மாட்டியிருக்கலாம். அண்ணி சால்வையை விலக்கிக் கைகளை வெளியே எடுத்தாள். இரண்டு மணிக்கட்டுகளும் வீங்கியிருந்தன. வலது உள்ளங்கையின் அடிப்பாகம், கட்டைவிரலுக்குக் கீழே, அண்ணன் நெஞ்சில் இருந்த அதே நிறத்தில் கன்றியிருந்தது. கண்ணாடியின் கால்களை விரிக்க விரல்கள் மடங்கவில்லை. ஒருமுறை முயன்றாள், இன்னொரு முறை முயன்றாள். யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்தாள். சின்னு பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணியின் கண்கள் சின்னுவின் கைகளுக்கு இறங்கின. நகக்கண்களில் இஞ்சின் எண்ணெய். அது எதற்கு என்று அண்ணி கேட்கவில்லை.

சின்னு கண்ணாடியை வாங்கிக் கால்களை விரித்துத் திரும்ப அவள் விரல்களுக்கிடையே வைத்தாள். அண்ணி குனிந்து அதை மாட்டினாள். அண்ணன் மறுபடி அண்ணனாக ஆனான்.

மத்தியானம், எடுத்துப்போவதற்குச் சற்று முன்பு, பெரியம்மா நடுக்கூடத்தில் நின்று ஆரம்பித்தாள். என் வயதுக்கு எத்தனையோ சாவு பார்த்துவிட்டேன், இஞ்சின் அடித்து ஆள் செத்ததாக எங்கேயும் கேள்விப்பட்டதில்லை என்றாள். மீசை சுவரோரமாக நின்று தரையைப் பார்த்தார். பெரியம்மா சின்னுவின் பக்கம் திரும்பினாள்.

"நீதான இதுல வேலை பாக்கறவ. போய்ப் பாத்துட்டு வேற வந்திருக்க. நீ சொல்லு. கிடப்புல கெடந்த இஞ்சின், ஒரு ஆளக் கொல்லுற அளவுக்கா அடிக்கும்?"

சின்னு அண்ணியைப் பார்த்தாள். அண்ணி சால்வைக்குள் கைகளை மறுபடி இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் கெஞ்சல் இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல், எனக்குச் சம்மதம்தான் என்பதுபோல நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்த பிறகு சின்னுவுக்கு யோசிக்க ஒன்றும் இல்லை.

"அடிக்கும் பெரியம்மா. நான் சுத்திப் பாத்தேன். என்னாலயே பிடிச்சு நிறுத்த முடியல, அவ்வளவு கம்ப்ரஷன். கிடப்புல கெடந்தாலும் நல்ல இஞ்சின் அது."

பெரியம்மா யாருக்காவது டீ வேண்டுமா என்று கேட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

அடக்கம் முடிந்து, வந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனார்கள். மீசை கடைசியாகப் போனார். போகும்போது வாசலில் குவிந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்துவிட்டு நடந்தார்.

வெயில் இறங்கியிருந்தது. சின்னு பின்பக்கம் போனபோது அண்ணி குழாயடியில் குந்தி, அண்ணனைக் கிடத்தியிருந்த விரிப்பை அலசிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் செய்யலாமே என்று சின்னு சொன்னாள். அண்ணி கேட்காதது மாதிரி அலசினாள்.

"அது ஓடியிருக்குமா, சின்னு?"

குழாயை மூடாமலே கேட்டாள். சின்னு சுவரில் சாய்ந்து நின்றாள். இந்த ஒரு கேள்விக்குப் பொய் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

"இல்ல அண்ணி. ரிங்கு ஒட்டிப்போச்சு. ஒரு வால்வு மூடவே இல்ல. எத்தன தடவ சுத்தினாலும் ஓடியிருக்காது."

"பிடிச்சிரும், பிடிச்சிரும்னு சொன்னாரே."

"அண்ணன் என்னைக்கு அப்படிச் சொல்லாம இருந்திருக்கான்."

அண்ணியின் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பா என்னவென்று சின்னுவுக்குத் தெரியவில்லை. அண்ணி குழாயை மூடினாள். விரிப்பைப் பிழியப் பார்த்தாள். ஈரத் துணி கைக்குள் திரண்டதே தவிர, முறுக்க முடியவில்லை. சின்னு போய் எதிரே நின்று மறுமுனையைக் கேட்டு வாங்கினாள். இருவரும் விரிப்பை நீளமாகப் பிடித்துக்கொண்டார்கள்.

"நீங்க சும்மா பிடிச்சுக்கிட்டா போதும்."

சின்னு முறுக்க ஆரம்பித்தாள். துணி கயிறாகித் திரண்டு, நடுவிலிருந்து தண்ணீர் முதலில் கொட்டியது, பிறகு ஒழுகியது, பிறகு சொட்டியது. அண்ணி தன் முனையை இரண்டு முழங்கைகளுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, விடாமல் நின்றாள்.